நானூறு கண் கொண்ட இயந்திரம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவை நேற்று முளைத்த ஒன்றாகப் பலரும் பேசுகிறார்கள். அந்தப் பெயருக்கே எழுபது வயதாகிவிட்டது. 1955இல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நத்தானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் என்ற நால்வர் ஒரு கோடைக்கால ஆய்வுக் கூட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதினார்கள். அதில்தான் இந்தப் பெயர் இடம்பெற்றது. மறு ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கூட்டமும் நடந்தது.

அன்று தொடங்கி இத்துறையை இரண்டாகப் பிரித்துவைத்த ஒரு வழக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இயந்திரத்துக்கு அறிவை எப்படிப் புகட்டுவது? விதிகளை நாமே எழுதிக் கொடுப்பதா, எடுத்துக்காட்டுகளைக் காட்டிவிட்டு அதையே கற்க விடுவதா?

முதலில் விதிக்காரர்கள் கைதான் ஓங்கியிருந்தது. நியூவெல், சைமன், ஷா மூவரும் 1956இல் உருவாக்கிய நிரல், ஒரு புகழ்பெற்ற தருக்கநூலின் 52 தேற்றங்களில் 38ஐ நிறுவிக் காட்டியது. 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்ற நிபுணத்துவ அமைப்பு பிறந்தது. இரத்தத்தில் தொற்றிய கிருமி எது, அதற்கு எந்த மருந்து என்று ஏறத்தாழ 600 விதிகளைக் கொண்டு அது சொன்னது. ‘ஏன் இப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டால், எந்த விதியைப் பின்பற்றி அந்த முடிவுக்கு வந்தது என்பதையும் எடுத்துக்காட்டியது. இந்தப் பண்பை மறந்துவிடாதீர்கள், மீண்டும் இதற்கு வருகிறேன்.

ஆனால் ஒரு பூனையை அடையாளம் காண விதி எழுதிப் பாருங்கள். கூர்மையான காது, மீசை, நான்கு கால் என்று தொடங்குவீர்கள். சுருண்டு படுத்து, முகத்தை வாலுக்குள் புதைத்திருக்கும் பூனையிடம் உங்கள் விதி தோற்றுப்போகும். குழந்தையோ யாரும் விதி சொல்லாமலே ‘பூனை’ என்றுவிடும்.

இதை ஆழமாக எண்ணியவர் ஃபிராங்க் ரோசன்பிளாட். 1950களின் இறுதியில், கார்னெல் ஏரோநாட்டிக்கல் ஆய்வகத்தில் பெர்செப்ட்ரான் என்ற கருவியை உருவாக்கினார். அதன் கண், வரிசைக்கு இருபதாக இருபது வரிசையில் அடுக்கிய 400 ஒளிமின்கலங்கள். அங்கிருந்து வரும் செய்திகளில் எதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதற்கு ஒவ்வோர் ‘எடை’ உண்டு. கூட்டுத்தொகை ஓர் அளவைத் தாண்டினால் ‘ஆம்’, தாண்டாவிட்டால் ‘இல்லை’. விடை தவறினால் சின்னஞ்சிறு மோட்டார்கள் சுழன்று எடைகளைத் திருத்தும். பிழையிலிருந்து கற்கும் இயந்திரம்! இன்றும் எனக்கு இதை நினைத்தால் சிலிர்க்கிறது.

ரோசன்பிளாட்டும் மின்ஸ்கியும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். அந்த மின்ஸ்கியே சீமோர் பாப்பர்ட்டுடன் சேர்ந்து 1969இல் ஒரு நூல் எழுதி, ஒற்றை அடுக்குப் பெர்செப்ட்ரானின் எல்லைகளைக் கணக்கிட்டு நிறுவினார். ‘இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஆம்’ என்ற எளிய வேறுபாட்டைக்கூட அதனால் கற்க முடியாது. கணக்கு சரிதான். ஆனால் அதன் பிறகு இந்தப் பாதையையே பெரும்பாலோர் கைவிட்டது சரியில்லை என்பேன். 1971இல், தம் 43ஆம் பிறந்தநாளன்று, ரோசன்பிளாட் படகு விபத்தில் இறந்தார்.

பெர்செப்ட்ரான் போன்ற அலகுகளைப் பல அடுக்குகளாகக் கோத்து வலைப்பின்னலாக அமைத்தால் அந்தத் தடை நீங்கும். பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கி அனுப்பி எடைகளைத் திருத்தும் முறையை 1986இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கினார்கள். அதற்குப் போதிய தரவும் கணினி வேகமும் வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2012இல் டொராண்டோவில் ஹின்டனின் மாணவர்கள் 12 லட்சம் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த வலைப்பின்னல், படங்களை அடையாளம் காணும் போட்டியில் பிழையை 15.3 விழுக்காட்டுக்கு இறக்கியது. அடுத்து வந்த அணிக்கோ 26.2. கணினிப் பார்வை என்ற கிளை அந்த ஆண்டோடு முகம் மாறிவிட்டது.

விளையாட்டிலும் இதே கதைதான். 1997இல் உலக வாகையர் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்ற டீப் புளூ என்ற கணினி, நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசித் தேடியது. 2016இல் கோ என்ற பலகை ஆட்டத்தில் கொரிய வீரர் லீ செடோலை 4-1 என வென்ற ஆல்ஃபாகோ என்ற நிரலோ, மனிதர்களின் ஆட்டங்களைப் பார்த்தும் தன்னோடு தானே ஆடியும் கற்றது. வெற்றியைப் பரிசாக எண்ணி முயன்று முயன்று கற்பதற்கு வலுவூட்டல் கற்றல் என்று பெயர். ரோபோக்களுக்கு நடையும் பிடியும் பழக்குவதற்கும் இது உதவுகிறது.

மொழிதான் கடினமான கிளையாக இருந்தது. ‘பாடத்தைப் படி’, ‘படி ஏறு’, ‘சொன்னபடி செய்’. ஒரே சொல், மூன்று பொருள். அக்கம்பக்கத்துச் சொற்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையே கற்றுக்கொள்ளும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பு 2017இல் வந்தது. இன்றைய உரையாடும் கருவிகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்கள்.

2020இல் வெளியான ஜிபிடி-3 என்ற மொழி வலைப்பின்னலில் 17,500 கோடி எடைகள். மைசினிடம் கேட்ட அதே ‘ஏன்?’ என்ற கேள்வியை இதனிடம் கேட்டாலும் ஒரு விடை வரும். ஆனால் உள்ளே உண்மையில் நடந்தது அதுதான் என்பதற்கு உறுதியில்லை. அந்த எடைகளுக்குள் புகுந்து, எது எதனால் நிகழ்கிறது என்று துருவிப் பார்க்கும் ஆய்வு இப்போது தனியொரு கிளையாகவே வளர்ந்து வருகிறது. இத்துறைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் வழி கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது அந்தப் பக்கம்தான்.

நன்றி. வணக்கம்.