தங்கவயலில் முதலில் ஆஸ்பத்திரியைத் திறங்கள்

(கோலார் தங்கவயலில் நடந்த மே தினக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

அவைத்தலைவர் அவர்களே, நகரசபையின் இந்நாள் உறுப்பினர்களே, முன்னாள் உறுப்பினர்களே, இனி உறுப்பினராகப் போகிறவர்களே (இவர்கள்தான் இன்று நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள்), சங்கத்தின் மூத்த தோழர்களே, பெமல் ஆலையில் ஷிப்டு முடித்து யூனிஃபார்மோடு நேரே வந்திருக்கும் தம்பிகளே, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, தாய்மார்கள் உட்காருங்கள். கவுன்சிலர்கள் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் இன்று வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. என் மனைவி அவரிடம் படித்தவள். எண்பதைத் தாண்டியும் மே தினம் என்றால் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடுகிறார். ஆட்டோ அனுப்புகிறோம் ஐயா என்று சொன்னால், "மே தினத்திலாவது ஆட்டோக்காரனுக்கு லீவு விடுடா" என்கிறார். இப்படி ஒருவர் தலைமையில் பேசுவது எனக்குப் பெருமை.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. நூற்றிருபது வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊர் இது. இன்று இந்த மேடையில் பொன் என்று சொல்ல மிஞ்சியிருப்பது இந்தச் சால்வையின் ஜரிகைதான். அதுவும் வெளியூர் ஜரிகை.

தங்கவயலின் மறுவாழ்வு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன்: தண்ணீர், சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளின் பத்திரம், ஆஸ்பத்திரி. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி. அரசுப் பணம் இந்த ஊருக்குள் வருமா, வராதா? எங்கள் ஆயா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும்: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சம்பள நாளில் நைனாவைப் பார்த்துச் சொல்லும். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று என்னைப் பார்த்துச் சொல்லும். இன்று நான் பெங்களூரையும் டெல்லியையும் பார்த்துச் சொல்கிறேன்.

சரித்திரத்திலிருந்து ஒன்று. பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். நமக்கு 1902-லேயே மின்சாரம் வந்துவிட்டது. காவேரி விழுகிற சிவனசமுத்திரத்தில் மின் நிலையம் கட்டி, அங்கிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் ஆசியாவில் அவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோனவர்கள் கிடையாது. முதல் போட்டது யார்? சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியா? மைசூர் சர்க்கார். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்ட திட்டம் அது. மின்சாரத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று சுரங்கக் கம்பெனிகள் கையெழுத்துப் போட்டன, அவ்வளவுதான். நமக்காகக் கட்டிய அதே மின் நிலையத்திலிருந்துதான் பெங்களூருக்கும் வெளிச்சம் போயிற்று. இன்று அந்த ஊரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, "அரசு எதற்கு முதலீடு செய்ய வேண்டும், தனியார் வந்தால் எல்லாம் தானாக நடக்கும்" என்று பேசுகிறார்கள். ஐயா, உங்கள் ஸ்விட்சைத் தட்டும்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பிறகு 1956-ல் மாநில அரசு சுரங்கத்தை எடுத்தது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் (பி.ஜி.எம்.எல்.) ஆனது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும், நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் இளைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆட்கள் எடுத்த தங்கத்தைப் பல வருஷம் வெளிச்சந்தை விலைக்கு விற்க விடவில்லை. அரசாங்கத்துக்கு, அதுவும் சர்வதேச நாணய நிதியத்தின் விலையில் கொடுக்க வேண்டும். அது கடைவீதியில் விற்ற விலையை விட எவ்வளவோ குறைவு. அப்படிக் கொடுத்த பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து, "பாருங்கள், நஷ்டம்" என்றார்கள். 1992-ல் நலிந்த கம்பெனி என்று, அப்படிப்பட்ட கம்பெனிகளை விசாரிக்கிற பி.ஐ.எஃப்.ஆர். வாரியத்துக்கு அனுப்பினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் இறங்கி ஏறிய சுரங்கத்தில் கடைசியில் ஏறக்குறைய 3,500 பேர். அகப்பை போட்டு அள்ளியவர்கள் எத்தனையோ பேர். சட்டியில் யார் என்ன போட்டார்கள்?

ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, ஒரு டன் கல்லில் கிடைத்த தங்கம் குறைந்துகொண்டே போனது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சுரங்கம் என்றால் ஒருநாள் தீரத்தான் செய்யும். சுரங்கத்தை மூடினீர்கள், சரி. அதோடு சேர்த்து ஆஸ்பத்திரியை எதற்காக மூடினீர்கள்?

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ரயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது நம் ஊருக்குத் தொழிற்சாலை என்று இருப்பது மாரிகுப்பம் ரயில்தான்.

நம் லைன் பையன் ஒருவன். பெயர் வேண்டாம், இங்கேயே உட்கார்ந்திருந்தாலும் இருப்பான். ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை. விடியக் கருக்கலில் ரயில் ஏறினால், லைன் அடங்கிய பிறகுதான் வீடு. அவனுக்குக் குடியாத்தத்தில் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறோம் என்று பெண் வீட்டார் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை இல்லை. காபி குடித்தார்கள். போட்டோ கேட்டார்கள். அம்மா தேடி எடுத்துக் கொடுத்த போட்டோவில் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சரி, சாயங்காலம் வரை இருந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். சாயங்காலம் ஆயிற்று. ராத்திரிச் சாப்பாடும் ஆயிற்று. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்கள். அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அன்றைக்குக் கம்பெனியில் ஓவர்டைம்!

பெண்ணின் தாய்மாமனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பையன் நிஜமாவே இருக்கானா, இல்ல போட்டோ மட்டும்தானா?" மாமன் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். முதல் நாளே வந்து பங்காருப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டார். விடிகாலையில் அதே ரயிலில் ஏறினார், கையில் அந்த எட்டாம் வகுப்பு போட்டோ. பெட்டி பெட்டியாகத் தேடுகிறார். எல்லாம் நம் பிள்ளைகள், எல்லோரும் தூக்கம். ஒருவன் மப்ளர், ஒருவன் குரங்குக் குல்லா, ஒருவன் முகத்தில் துண்டு. துண்டை விலக்கினால் திட்டு விழுகிறது, அதுவும் நம் ஊர்த் திட்டு, இந்த மேடையில் சொல்ல முடியாது. டேகல் போயிற்று, மாலூர் வந்தது. மூலையில் ஒருவனைத் தட்டி, "தம்பி, உன் பேர் என்னப்பா?" என்றார். அவன் கண்ணைத் திறக்காமலே "பாஸ் இருக்கு சார்" என்று பாஸை நீட்டிவிட்டு மறுபடி தூங்கிவிட்டான். பாஸில் பெயரைப் பார்த்தால், அவனேதான் மாப்பிள்ளை. மாமன் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். பையன் அவர் தோளில் சாய்ந்து ஒயிட்ஃபீல்டு வரை தூங்கினான். மாமன் எழுப்பவில்லை. ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னாராம்: "நல்ல பையன்தான்க்கா. குறட்டை கிடையாது."

கல்யாணம் நடந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பெண் தங்கவயலில் குடியிருக்காது. கே.ஆர்.புரத்தில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அந்த லைன் வீட்டில் இப்போது பூட்டுத் தொங்குகிறது. அம்மா? அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது இங்கே காட்ட இடமில்லை என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இப்படிப் போன குடும்பம் ஒன்றா இரண்டா?

ஜெர்மனியில் ரூர் என்று ஒரு நிலக்கரிச் சீமை. 1950-களில் அங்கே ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். கரிக்கு மவுசு குறைந்ததும் சரிவு தொடங்கியது. அந்தச் சீமையில் அப்போது ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. சுரங்கங்கள் மூடத் தொடங்கிய சமயத்தில், போஹும் என்கிற ஊரில் அரசு ஒன்றைக் கட்டியது. 1965-ல் திறந்தார்கள். இன்று ஏறக்குறைய 40,000 மாணவர்கள். எம்ஷர் என்கிற ஆற்றைச் சாக்கடையாக்கி வைத்திருந்தார்கள். முப்பது வருஷம், 500 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, 2021 முடிவில் கழிவுநீர் விழாத ஆறாக்கினார்கள். 2018-ல் கடைசி சுரங்கத்தையும் மூடினார்கள், ஆனால் பம்பை நிறுத்தவில்லை. நிலம் தாழ்ந்துபோன ஊர்கள் மூழ்காமல் இருக்க என்றென்றைக்கும் தண்ணீர் இறைக்க வேண்டும், அதற்கென்றே ஓர் அறக்கட்டளை. நமக்குப் பம்பை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறியது, கதை முடிந்தது. (அந்தச் சீமையின் கிழக்கு ஓரத்தில் ஹாம் என்ற ஊர். அங்கே ஈழத்துப் பிள்ளைகள் கோபுரம் வைத்துக் காமாட்சி அம்மன் கோயிலே கட்டியிருக்கிறார்கள், 2002-ல் கும்பாபிஷேகம்.)

ரூரில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. இன்றும் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் அதிகமுள்ள ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. அதே போஹும் ஊரில் நோக்கியா கம்பெனிக்கு அரசு மானியம் கொட்டிக் கொடுத்தது. 2008-ல் கடையைக் கட்டிக்கொண்டு ருமேனியாவுக்குப் போய்விட்டார்கள். நமக்குத் தெரியாததா? அதே நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் செல்போன் செய்ய ஆரம்பித்து 2014-ல் மூடியது. இங்கிருந்து அங்கே போன பெண்பிள்ளைகள் சிலரை எனக்கே தெரியும். போஹும் ஊரில் பல்கலைக்கழகம் மட்டும் எங்கும் போகவில்லை, அங்கேயே நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பெமல் விட்டுக்கொடுத்த நிலத்தில் தொழிற்பேட்டை வரட்டும், சென்னை எக்ஸ்பிரஸ் சாலை பேத்தமங்கலம் பக்கம் வந்திருப்பதும் நல்லது. ஆனால் அரசு தன் முதல் ரூபாயை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாத ஒன்றில் போட வேண்டும்.

அதுதான் நம் ஆஸ்பத்திரி. சாம்பியன் ரீஃபில் கிடக்கிற பி.ஜி.எம்.எல். ஆஸ்பத்திரி.

எங்கள் நைனா கடைசி வருஷங்களில் திண்ணையில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். படுத்தால் மூச்சு முட்டும். முழங்காலை மடித்து, அதன்மேல் தலையணை, அதன்மேல் நெற்றி. கல்லைத் துளைத்தபோது பறந்த தூசி நெஞ்சுக்குள் கல்லாகவே நின்றுவிட்டது. சிலிகோசிஸ் என்று எழுதினார்கள். இந்த நோயைப் படம் பார்த்துச் சொல்லத் தெரிந்த டாக்டர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்கள் பாடுபடுகிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் பெரிய விஷயம் என்றால் கோலார், இல்லாவிட்டால் பெங்களூர். ஆக்சிஜன் சிலிண்டரோடு அத்தனை தூரம் போக வேண்டியிருக்கிறது.

பணமில்லை, கட்டடம் பாழ், திறக்கவே முடியாது என்று இருபது வருஷம் சொன்னார்கள். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலை வந்தது. தன்னார்வப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். புதரை வெட்டி, புறா எச்சத்தைச் சுரண்டி, பழைய இரும்புக் கட்டில்களைக் கழுவிப் பெயின்ட் அடித்தார்கள். சில வாரத்தில் படுக்கை தயார்! இருபது வருஷம் முடியாதது எப்படி ஐயா முடிந்தது? அப்படியானால் அதை அரசு மருத்துவக் கல்லூரியாக்க ஏன் முடியாது? நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் டிரைவர், துப்புரவுப் பணியாளர், எதிரே மெஸ், மருந்துக் கடை, படிக்க வரும் பிள்ளைகளுக்கு வாடகை அறை. பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அதோ நிற்கிறது. கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய 13 சைனைட் மேடுகள், 3.3 கோடி டன் மண். ஆடிக் காற்றில் அந்த வெள்ளைத் தூசியைத் தின்றவர்கள் நாம். சோற்றுத் தட்டில் விழும், கொடியில் காயும் துணியில் படியும். அந்த மண்ணில் இன்னும் தங்கம் இருக்கிறது என்று ஏலம் விடப் பார்க்கிறார்கள். 2024-ல் மாநில அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தாயிற்று. 2015-ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, கனிமம் எடுக்கிறவர் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட ஊரின் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் முன்னுரிமை என்று விதியே சொல்கிறது. மேட்டைக் கிளறும் முதல் வண்டி உள்ளே வருவதற்கு முன்னால், இந்தப் பங்கு இந்த ஆஸ்பத்திரிக்கு என்று எழுதி வாங்க வேண்டும். இந்த முறையாவது சட்டியில் விழட்டும், அகப்பையைப் பிறகு பார்ப்போம்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். "2 நிமிடம்" என்று எழுதியிருக்கிறது, அடியில் இரண்டு கோடு வேறு. தண்ணீரைப் பற்றி, பேத்தமங்கலம் ஏரியைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. வீட்டுப் பத்திரம் அதைவிடப் பெரிய கதை, சங்கத் தோழர் அதைப் பேசுவார்.

பந்தலுக்கு வெளியே இடது பக்கம் மேசை போட்டிருக்கிறது. மருத்துவக் கல்லூரி கேட்டு முதலமைச்சருக்கு ஒரு மனு, மத்திய சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு மனு, கன்னடத்திலும் தமிழிலும் வைத்திருக்கிறோம். பெயரும் லைன் பெயரும் எழுதினால் போதும், ஆதார் நம்பர் வேண்டாம். கையெழுத்துப் போட வராதவர்களுக்கு மை டப்பா இருக்கிறது. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் வீட்டில் இருந்தால், பழைய எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால், அதன் நகலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். வணக்கம்.