வாடை தள்ள மேலே, ஆறு இழுக்கக் கீழே

அவையோருக்கு வணக்கம். கொழும்பில் படகுப் பேச்சு என்றால் ஹமில்டன் கால்வாயில் தொடங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். வத்தளைப் பக்கமாகப் போன அந்த ஓலைக் கூரைப் படகுகள் சரக்குக்கானவை. மாதக்கணக்கில் ஆள் குடியிருந்து ஆறு பார்த்த படகு வேண்டுமென்றால் நைலுக்குத்தான் போக வேண்டும். அங்கே அதற்குத் தஹபியா என்று பெயர்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. சோளகமும் வாடையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. நீரை எதிர்த்துப் போகப் பாய், திரும்பி வர நீரோட்டமும் துடுப்பும். அதனால் அந்தக் காலப் பயணிகள், காற்று இருக்கும்போது கோயில்களை எல்லாம் தாண்டி விறுவிறுவென்று மேலே போய்விடுவார்கள். இறங்கிப் பார்ப்பது வரும் வழியில்.

படகின் பின்பாதியில் பயணிகளின் அறைகள். புகை வராதபடி அடுப்பு முன்னால். மாலுமிகளுக்கு அறை கிடையாது, முன்தளத்திலேயே படுப்பார்கள். காற்று விழுந்தால் கரையில் இறங்கிக் கயிறு பிடித்துப் படகை இழுப்பவர்களும் அவர்கள்தான். 'நிதானப் பயணம்' என்று இன்றைக்கு விளம்பரம் செய்கிறார்களே, அந்த நிதானம் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாலுமிகள் வைத்ததே சட்டம். அசியூத், எஸ்னா ஆகிய ஊர்களில் ரொட்டி சுட ஒரு நாள் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். சுட்ட ரொட்டியைத் துண்டு போட்டு, தளத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். எவ்வளவு நல்ல காற்று அடித்தாலும் துரைமார் காத்திருக்கத்தான் வேண்டும்!

அப்புறம் தாமஸ் குக் என்ற சுற்றுலா நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் வந்தன, தஹபியா ஒதுங்கியது. இப்போது எஸ்னாவுக்கும் அஸ்வானுக்கும் இடையில் தஹபியாக்கள் மறுபடி ஓடுகின்றன. பலவற்றை இழுவைப் படகுதான் இழுக்கிறது.

அமேலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1874இல் தஹபியாவில் அபு சிம்பல் கோயிலுக்குப் போனார். அங்கே ராம்சேஸ் மன்னனின் சிலை ஒன்றின் முகத்தில், முன்பு யாரோ அச்செடுத்த சாந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. மாலுமிகள் துடுப்புகளையும் கம்புகளையும் கட்டிச் சாரம் போட்டு ஏறிச் சுரண்டினார்கள். போகாத கறையில் கோப்பித் தண்ணீரைப் பூசிக் கல்லின் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். சமையல்காரருக்குத்தான் வயிற்றெரிச்சல். அவ்வளவு கோப்பியையும் ஊற்றிக் கொடுத்தவர் அவர்.