டிரக்கைத் திருப்பிக் கொடுத்த அன்று

நடுவர் அவர்களே, வணக்கம். சூப்பர்மேன் ஆகப்போகும் கிளார்க் கென்ட்டின் இளமைக் கதையைச் சொல்லும் 'ஸ்மால்வில்' தொலைக்காட்சித் தொடரில், அவனுடைய நண்பன் லெக்ஸ் லூதர் கெட்டுப்போனதற்குக் காரணம் அவன் பிறவிக் குணமா, தான் வேற்றுக்கிரகத்தில் பிறந்தவன், தனக்கு அபார சக்தி உண்டு என்று கிளார்க் மறைத்த ரகசியமா என்பது தலைப்பு. எதிரணித் தோழி வந்தார், "அது லூதர் ரத்தம், வேறு எப்படி இருக்கும்?" என்று ஒரே போடாகப் போட்டுக் கைத்தட்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் 2001-இல் முதல் எபிசோடிலேயே கிளார்க்கின் வளர்ப்பு அப்பா ஜோனதன் கென்ட்டும் நினைத்தார், வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது!

பாலத்தில் லெக்ஸின் கார் கிளார்க்கை மோதி, இரண்டு பேரும் ஆற்றில் விழ, கிளார்க் கார் கூரையைப் பிய்த்து அவனைக் காப்பாற்றுகிறான். உயிர் பிழைத்தவன் நன்றிக்கு ஒரு டிரக் அனுப்புகிறான். ஜோனதன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். ஏன்? அப்பன் லயனல் அயோக்கியன், அதனால் மகன் கொடுப்பதும் ஆகாது. இது முன்முடிவு இல்லாமல் வேறு என்ன?

சரி, ரகசியத்துக்கு வருகிறேன். இரண்டாவது சீசனில் இன்னொரு நண்பன் பீட்டிடம் கிளார்க் வாய்விட்டுச் சொல்லிவிட்டான், ஆனால் லெக்ஸிடம் மட்டும் சொல்லவே இல்லை. மூன்றாவது சீசனில் லெக்ஸே கிளார்க்கின் சக்தியைக் கண்ணால் பார்த்துவிடுகிறான், ஆனால் பெற்ற அப்பனே அவனை மனநலக் காப்பகத்தில் அடைத்து, மின் அதிர்ச்சி கொடுத்து, ஏழு வார நினைவை அழித்துவிடுகிறார். வெளியே வந்த நண்பனிடம் 'நீ பார்த்தது நிஜம், உனக்குப் பைத்தியம் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! கிளார்க் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தத் தொடரிலேயே மன்னிக்க முடியாத இடம் அதுதான்.

இன்னொரு கொடுமையைப் பாருங்கள். விண்கல்லால் சக்தி வந்தவர்களை அந்த ஊர் 'விசித்திரப் பிறவிகள்' என்று ஒதுக்குகிறது. லெக்ஸின் தலைமுடி கொட்டியதும் அதே 1989 விண்கல் மழையில்தான், கிளார்க் பூமிக்கு வந்து இறங்கியதும் அதே மழையோடுதான்.

லெக்ஸ் ஒழுங்கானவன் என்று நான் சொல்ல வரவில்லை. பாலத்தில் நசுங்கிய அந்தக் காரைப் பத்திரப்படுத்தி, ஒரு அறை நிறைய நண்பனைப் பற்றித் துப்பு சேர்த்தான், பின்னால் 33.1 என்ற ஆய்வகத்தில் மனிதர்களைச் சோதனை எலிகளாக்கினான், ஏழாவது சீசனில் அப்பனையே ஜன்னல் வழியாகத் தள்ளிக் கொன்றான். இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த அப்பன் யார்? மகனைக் காப்பகத்தில் அடைத்த அதே லயனல்! அவருக்குத் திருந்த வாய்ப்புக் கிடைத்தது, கிளார்க்கின் வளர்ப்பு அம்மா மார்த்தா கென்ட் அவரை நம்பினார், கிளார்க்கின் ரகசியத்துக்கு அவரே காவலும் ஆனார். கெட்ட ரத்தம்தான் காரணம் என்றால் அப்பன் எப்படித் திருந்தினார்?

அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் எனக்கு ஒரே ஒரு பதில் சொன்னால் போதும். அந்த டிரக் திரும்பி வந்து வாசலில் நின்ற அன்று, காரை வேகமாக ஓட்டியதைத் தவிர, லெக்ஸ் செய்திருந்த தப்பு என்ன?