நாங்கள் படாத பாடா?

(காட்சி: மலேசியாவின் பந்திங்கிலிருந்து தோட்டத்துக்குப் போகும் செம்மண் சாலை. இருபுறமும் எண்ணெய் தரும் செம்பனை. மாலை ஐந்து மணி.)

இந்தச் சாலை முடிகிற இடத்தில் பழம் ஏற்றும் மேடை இருக்கிறது. எதிரே ஓர் ஒட்டுக்கடை. போன மாதம் ஒருநாள் அங்கே உட்கார்ந்து பால்தேநீரான தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். வங்காளதேசத்து இளைஞன் ஒருவன், அன்று பொறுக்கிய உதிரிப்பழ மூட்டைகளை இறக்கினான். ஏழு மூட்டை. மேசையில் இருந்த நான்கு பேரும் எண்ணினோம்; அந்த நேரத்தில் எங்களுக்கு வேறு என்ன வேலை? மேற்பார்வை பார்க்கும் மண்டோர் ஆறு என்று எழுதினார். அவன் ஏழு விரலைக் காட்டினான். மண்டோர் நோட்டை மூடிவிட்டார்.

(காட்சி: மூடிய நோட்டு. பிறகு, மேசைமேல் நான்கு கண்ணாடிக் குவளைகள்.)

மண்டோரை விடுங்கள். இந்த வீடியோ அந்த மேசையைப் பற்றியது.

நாற்பது ஆண்டு ரப்பர் பால்மரம் சீவிய பெரியவர் சிரித்தார். “நாங்கள் படாத பாடா? ஒரு மூட்டைக்கே முகம் தொங்கிவிட்டதே!” பக்கத்தில் இருந்த தம்பி, “பார்க்கச் சகிக்கவில்லை” என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அக்கா ஒருவர் எழுந்து மேடைப் பக்கம் போனார். நான்? தே ஆறிவிடும் என்று குடித்து முடித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்ற மூவரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

முதலில் தம்பி. அவன் கல்நெஞ்சன் அல்லன், உண்மையிலேயே துடித்தான். ஆனால் “சகிக்கவில்லை” என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் வலி யாருக்கு? பார்க்கிறவருக்கு. அந்த வலி தீர இரண்டு வழி உண்டு: மூட்டை இழந்தவனுக்கு உதவலாம், அல்லது கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாவது மலிவு.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் பாட்சனும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. எலேன் என்ற பெண் மின்னதிர்ச்சி வாங்கித் துடிப்பதை மாணவிகள் திரையில் பார்த்தார்கள். அவள் நடித்தாள், பார்த்தவர்களுக்கு அது தெரியாது. நீங்கள் விரும்பினால் எழுந்து போகலாம், அல்லது அவளுடைய இடத்தில் உட்காரலாம் என்றார்கள். எலேன் தன்னைப் போலவே எண்ணங்கள் உள்ளவள் என்று நம்பவைக்கப்பட்டவர்களில் 91 சதவீதம் பேர், கதவு திறந்திருந்தும், அவளுடைய இடத்தை ஏற்க முன்வந்தார்கள். அவள் தன்னைப் போன்றவள் அல்லள் என்று நினைத்தவர்களில் 18 சதவீதம் பேர் மட்டுமே. நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு காகிதம்தான்: எலேன் நிரப்பியதாகக் காட்டிய விருப்பு வெறுப்புப் பட்டியல்.

(காட்சி: கைவிடப்பட்ட லயன் வீடுகள். தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது கதவில்லாத ஆயாக்கொட்டகை.)

அப்படியானால் அந்த இளைஞன் எங்களுக்கு எலேனைவிட நெருங்கியவனாக இருக்கவேண்டும். கடல் கடந்து வந்தவன். கடன் வாங்கி வந்தவன். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்பவன். எங்கள் தாத்தாக்களின் கதையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அவன் கதை. பட்டவனுக்குத்தான் பட்டவன் வலி புரியும் என்று நாமும் சொல்கிறோம். நான் இதைப் பல ஆண்டு நம்பினேன்.

அது எப்போதும் நடப்பதில்லை. ரேச்சல் ரட்டன், மேரி ஹண்டர் மெக்டொனல், லோரன் நோர்ட்கிரன் ஆகிய மூவரின் ஆய்வு 2015இல் வந்தது. மிச்சிகன் ஏரியின் உறைநீரில் குதிக்க வந்தவர்களிடம், கடைசி நிமிடத்தில் பின்வாங்கிய ஒருவனின் கதையைக் கொடுத்தார்கள். குதிப்பதற்கு முன் படித்தவர்கள் அவன்மேல் இரங்கினார்கள். குதித்து ஒரு வாரம் கழித்துப் படித்தவர்களிடம் அந்த இரக்கம் குறைந்திருந்தது. வேலையில்லாமல் திண்டாடிக் கடைசியில் போதைப்பொருள் விற்கப் போனவனின் கதையிலும் இதே நிலை: வேலையின்மையைக் கடந்து வந்தவர்களே அவனைக் கடுமையாகப் பார்த்தார்கள். காரணம், பட்டது நினைவில் இருக்கிறது. பட்டபோது எப்படி வலித்தது என்பது மங்கிவிடுகிறது. மிஞ்சுவது “நான் தாண்டினேன்” என்ற பெருமை. பெரியவரின் சிரிப்பு அந்தப் பெருமையிலிருந்துதான் வந்தது.

இத்தனைக்கும் அவருடைய அப்பா காலத்தில், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். பெண்களிடம் வரம்பு மீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை என்னை விடுவதே இல்லை. சைக்கிளிலிருந்து இறங்குவதால் கூலி குறையாது, கை ஒடியாது. ஆனால் இறங்கி நிற்கும் அப்பாவைப் பின்னால் வந்த மகன் பார்த்திருப்பான். தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அவர்களில் யாரும் “எங்கள் பாட்டன் படாததா?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை.

(காட்சி: பிளாஸ்டிக் உறை ஒன்று. உள்ளே மஞ்சளேறிய காகிதம்.)

இது அக்காவுடையது. அவரும் மரம் சீவியவர்தான். பெரியவரின் பக்கத்து நிரைதான். அவருடைய முதல் சம்பளச் சீட்டு இது. நான்கு நாள் வேலை இதில் காணோம். எந்த நான்கு நாள் என்று இன்றைக்கும் சொல்கிறார். அதில் ஒருநாள் மழையில் நனைந்து காய்ச்சலோடு போனாராம். பெரியவர் தாண்டியதை நினைவில் வைத்திருக்கிறார். அக்கா அந்த நான்கு நாளை வைத்திருக்கிறார்.

அன்று அவர் மண்டோரிடம் சண்டை போடவில்லை. அந்த இளைஞனிடம் மலாயில் இரண்டே கேள்வி கேட்டார்: சீட்டு வாங்கினாயா? கைப்பேசி இருக்கிறதா?

இப்போது அவன் மூட்டைகளை வரிசையாக வைத்து, மண்டோர் எழுதுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுகிறான். எதற்கு என்று மண்டோர் ஒருமுறை கேட்டிருக்கிறார். கணக்குக்கு என்றானாம். அதன் பிறகு எண்ணிக்கை பிசகவில்லை.

போன வாரம் அதே மேசையில் பெரியவரோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. குவளையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அப்போது எங்களுக்கு எதைக் காட்டுவது என்று தெரியவில்லை” என்றார்.