வில்லும் நாணும் போன வழி

அவையோர்க்கு வணக்கம். உலகத்தைக் கிழக்கு என்றும் மேற்கு என்றும் இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டு, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வழக்காடுவது நமக்குப் பழகிப்போன பட்டிமன்றம். அந்த வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலிருந்து ஒரு சொல்லையும் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லையும் எடுத்து, அவை நடந்து வந்த வழியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதற்சொல் ஓரை. சங்கப் பாடல்களில் மகளிர் விளையாட்டைக் குறிக்கும் ஓரையை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது 'சுக்கிர ஓரையில் தொடங்கலாம்' என்று சோதிடர் குறித்துக் கொடுக்கும் ஓரை. ஒரு மணிப்பொழுதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஹோரா' வடமொழி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம் அது. கோள்களை மெதுவாக நகர்வதிலிருந்து விரைவாக நகர்வது வரை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்று அடுக்கி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோளாக வரிசைப்படி கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு காலை சூரியனில் தொடங்கினால், 24 மணியில் மூன்று சுற்று முடிந்து மூன்று மணி மிஞ்சும். மறுநாளின் முதல் மணி சந்திரனுக்குப் போகும். அதனால்தான் அது திங்கட்கிழமை. அங்கிருந்து எண்ணினால் அடுத்த நாள் செவ்வாய். வாரநாள் வரிசைக்குள் இந்தக் கணக்குதான் ஒளிந்திருக்கிறது. ஒரு நாளை 24 மணியாகப் பிரித்தது எகிப்து. கோள்களை வைத்துப் பலன் பார்ப்பதில் முன்னே நின்றது பாபிலோன். இரண்டும் கிரேக்க மொழியில் ஒன்றுகலந்து நம்மை அடைந்தன. இதை 'மேற்கின் கொடை' என்பவர், அந்த மேற்குக்குள் எத்தனை கிழக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாங்கியவர்கள் அதை மறைக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் வானியல், சோதிட அறிஞர் வராகமிகிரர் தம் 'பிருகத் சம்ஹிதை'யில், யவனர், அதாவது கிரேக்கர், மிலேச்சரே (இழிந்த அயலாரே) ஆனாலும் இந்தச் சோதிட சாத்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்கிறார். இகழ்ச்சியும் மதிப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. அடுத்த நூற்றாண்டில், யூப்ரடீஸ் ஆற்றங்கரை மடாலயம் ஒன்றில் இருந்த சிரியாக் மொழி பேசிய கிறித்தவ ஆயர் செவரஸ் செபோக்த், கிரேக்கம் பேசுவதாலேயே அறிவின் எல்லையைத் தொட்டுவிட்டதாக நினைப்பவர்கள்மீது எரிச்சல்பட்டு, ஒன்பது குறிகளைக் கொண்டு இந்தியர் செய்யும் கணக்கை எடுத்துக்காட்டினார். அது 662ஆம் ஆண்டு. இந்தியக் குறிகளைப் பற்றி மேற்கு நிலங்களிலிருந்து கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. அயலாரைப் பாராட்டுவதிலும் உள்ளூர்ச் சண்டை ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது சொல் முக்கோணக் கணக்கில் கோணத்துக்கு உரிய அளவாக வரும் 'சைன்'. இதன் கதை இன்னும் வளைவானது. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வானியல் கணித்த தாலமி, வட்டத்தின் ஒவ்வொரு வில்லுக்கும், அதாவது வளைந்த துண்டுக்கும், அதன் இரு முனைகளை இணைக்கும் முழு நாணின் நீளத்தை அரைப் பாகைக்கு ஒன்றாக அட்டவணைப்படுத்தினார். நாண் கணக்கு இந்தியாவுக்குக் கிரேக்கரிடமிருந்தே வந்தது என்பது வரலாற்றாளர் பெரும்பாலோர் கருத்து. ஆனால், வந்த பொருளை இங்கே அப்படியே அலமாரியில் வைக்கவில்லை. செங்கோண முக்கோணத்தில் நேரடியாகப் பயன்படுவது நாணின் பாதிதான் என்று கண்டு, அந்தப் பாதியையே அளவாக்கிக்கொண்டார்கள். 499ஆம் ஆண்டையொட்டி ஆரியபடர் இந்த 'அர்த்த ஜ்யா'வின் (அரை நாணின்) அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையிலான 24 வேறுபாடுகளை ஒரே செய்யுளுக்குள் அடைத்துவிட்டார். மனப்பாடம் செய்பவர் நெஞ்சுக்குள் ஒரு முழு அட்டவணை! ஜ்யா என்றால் வில்லின் நாண். அதற்கு ஜீவா என்றும் பெயர்.

762இல் எழுந்த பாக்தாத் நகரத்துக்கு, அடுத்த சில ஆண்டுகளில் இந்திய வானியல் நூல்கள் போய்ச் சேர்ந்தன. அங்கே ஜீவாவை மொழிபெயர்க்காமல் 'ஜீபா' என்று ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள். அரபியில் உயிர்க்குறிகளை எழுதாமல் விடுவது வழக்கம். ஆகவே ஏட்டில் நின்றவை மெய்யெழுத்துகள் மட்டுமே. பின்னால் வந்தவர்கள் பொருளற்ற ஜீபாவை விட்டுவிட்டு, தங்களுக்குத் தெரிந்த 'ஜைப்' என்ற சொல்லாக அதைப் படித்தார்கள். ஆடையின் மார்புப் பகுதியில் விழும் மடிப்பு என்று பொருள். நம் தாத்தாக்கள் சட்டைப் பையை 'ஜேபி' என்றார்களே, அந்தச் சொல்லேதான். 1085இல் கிறித்தவ அரசர் கைக்கு வந்த தொலேடோ போன்ற ஸ்பெயின் நகரங்களில், அரபி நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோகும் வேலை 12ஆம் நூற்றாண்டில் மும்முரமாக நடந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் ஜைப்பை அகராதிப் பொருள் பார்த்து 'சைனஸ்' ஆக்கினார்கள். லத்தீனிலும் அது மடிப்பு, மார்பு. வில்லில் கட்டிய நாண் சட்டை மடிப்பாகிவிட்டது. கணக்கோ துளியும் பிசகவில்லை.

ஆங்கிலேயர் காலக் கல்வியோடு 'சைன்' நம் வகுப்பறைக்குள் வந்தது. அதே கணக்குப் புத்தகத்தில் வட்டங்களைப் பற்றிய பாடத்தைத் திறந்தால், வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு 'நாண்' என்று பெயர் போட்டிருக்கும். இரண்டு பாடங்களுக்கும் நடுவே சில பக்கங்கள்தாம்.