சோழிகளும் விசையும்

நேயர்களுக்கு வணக்கம். 1825ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், ஜான் வாரன் என்னும் அளவையாளரின் முன்னே தரையில் சோழிகளை வைத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வேண்டிய அட்டவணைகள் யாவும் சொற்கோவைகளாக அவர் நினைவிலேயே இருந்தன. தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். முடிவு நேரத்தில் 52 நிமிடம். ஆயினும் அக்கணக்கின் அடியில் கிடந்த வானியல் கோட்பாட்டை அவர் அறிந்திருக்கவில்லை.

அந்த மனப்பாடத்தின் நுட்பத்தைச் சற்றே பார்ப்போம். இந்தச் சொற்கோவைகளுக்கு வாக்கியங்கள் என்று பெயர். சந்திரனுக்குரிய 248 வாக்கியங்களில் முதலாவது ‘கீர்நஃ ஶ்ரேயஃ’ என்பது. எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் கடபயாதி முறைப்படி இதன் எழுத்துகள் 3, 0, 2, 1 என்னும் எண்களாகும். வலமிருந்து இடமாகப் படித்தால் 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை), அதாவது சந்திரன் மிகத் தொலைவில் இருக்கையில் ஒரு நாளில் நகரும் தூரம். பூமிக்கு அருகில் வந்தும் விலகியும் செல்லும் அதன் ஒன்பது சுற்றுகள் ஏறத்தாழ 248 நாளில் முடிவதால், வாக்கியங்களும் அத்தனையே. இதை யாத்தவர் விளங்கிக்கொண்டுதான் யாத்தார். ஒப்பிப்பவருக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை, அவ்வளவே.

இன்றைய இயந்திரக் கற்றலிலோ யாத்தவர் என்று ஒருவரே இல்லை. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2025இல் தரவிலிருந்து தானே கற்கும் ஒரு கணினி மாதிரிக்கு, கணினியில் உருவாக்கிய எண்ணற்ற சூரியக் குடும்பங்களின் சுற்றுப்பாதைகளைப் பயிற்றுவித்தனர். கோள் அடுத்து எங்கே இருக்கும் என்பதை அது நன்றாகவே சொன்னது. பின்னர் அதே மாதிரியைக் கோள்களின்மீது செயல்படும் விசையைக் கணிக்கப் பழக்கி, அதன் விடைகளிலிருந்து ஒரு விதியை வடித்தெடுத்தபோது, தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்னும் நியூட்டனின் இருமடி எதிர்விகித விதிக்குப் பதிலாகப் பொருளற்ற சமன்பாடு ஒன்று வந்தது. தரவை மாற்றியபோது அதுவும் மாறியது.

விடை சரியாக வரும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. யுரேனஸ் கணித்த பாதையிலிருந்து விலகியபோது, லெவெரியே என்னும் பிரெஞ்சுக்காரர் ஈர்ப்பு விதியைக் கையில் வைத்திருந்ததால், அந்த விலகலையே கொண்டு காணாத கோள் ஒன்றின் இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பரில் பெர்லினில் ஒரே இரவில், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், நெப்டியூன் அகப்பட்டது. பிழை அவருக்கு வழிகாட்டியாயிற்று.

வாக்கியத்துக்கு அந்த வசதி இல்லை. அண்மையில் சனி மீனத்துக்குப் பெயர்ந்தது தற்கால வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. பழைய வாக்கியங்களைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு. எந்த எண் தேய்ந்துபோயிற்று என்பதை 248 அல்ல, ஆயிரம் வாக்கியங்களை ஒப்பித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒருவர் இரவில் மொட்டை மாடிக்குப் போய்ச் சனியைப் பார்த்தாக வேண்டும்.