குதிரை கட்டிய இடம்

நண்பர்களே, ஆல்ஃபிரட் நோபல் என்றதும் டைனமைட்டும் பரிசும்தான் நமக்கு நினைவு வரும். நான் பேச வந்தது அவருடைய கடிதங்களைப் பற்றி. ஐந்து மொழிகளில் எழுதியவர். தொழில் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்வார்: நகலெடுப்பதற்கான மையில் எழுதிய கடிதத்தின் மேல் ஈரம் தொட்ட மெல்லிய தாள், அதன் மேல் ஓர் அழுத்துப்பொறி. அன்றைய ஜெராக்ஸ்!

மனிதர் ஓரிடத்தில் இருந்ததில்லை. சிறுவயதிலேயே ஸ்டாக்ஹோமிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன குடும்பம். 1864இல், மறுபடி ஸ்டாக்ஹோமில், நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவம் வெடித்துத் தம்பி எமில் இறந்தார். ஊருக்குள் தொழில் நடத்தவே விடவில்லை. ஏரியில் படகு நிறுத்தி அதில் தயாரித்தார்கள். பிறகு ஹாம்பர்க், 1873இல் பாரிஸ்.

வியன்னாவுக்குப் பக்கத்தில் பூக்கடையில் இருந்த சோஃபி ஹெஸ்ஸுக்கு அவர் ஜெர்மனில் எழுதியவை மட்டும் இருநூறுக்கு மேல். காதல் கடிதம் என்று ஆசையாகப் பிரித்தால் ஏமாந்துபோவோம். கூட்டாளிகள் மேல் எரிச்சல், ரயில் அலுப்பு, தலைவலி, வயிற்றுக்கோளாறு, நடுவில் அவளுடைய செலவுக்கு ஒரு வசவு. உறையின் மேல் மட்டும் 'திருமதி நோபல்' என்று எழுதுவார். கல்யாணம் நடக்கவே இல்லை.

1887இல் பாலிஸ்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து. பிரெஞ்சு அரசு வேண்டாம் என்றது, இத்தாலி வாங்கிக்கொண்டது. உடனே பாரிஸ் பத்திரிகைகள் அவரை ஒற்றன் என்றன, சோதனைக்கூடம் பூட்டப்பட்டது. 1891இல் மூட்டை கட்டி இத்தாலியின் சான் ரெமோ. அங்கே வாங்கிய வீட்டுக்குப் பெயர் 'என் கூடு'. கூடு என்றால் இரண்டு பறவை வேண்டாமா என்று ஒருவர் கேலி செய்ய, பெயரையே மாற்றிவிட்டாராம்.

1896 அக்டோபரில் உதவியாளர் ராக்னர் சோல்மனுக்கு எழுதுகிறார்: இதயத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தே நைட்ரோகிளிசரின்தானாம், மக்கள் பயப்படாமலிருக்க வேறு பெயர் சொல்கிறார்களாம். டிசம்பர் 7ஆம் தேதிக் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. 10ஆம் தேதி இறந்தார்.

பரிசுக்காகச் சொத்தை எழுதிவைத்த உயிலில் கையெழுத்திட்டது பாரிஸ். இறந்தது இத்தாலி. ஆலை ஸ்வீடன். எந்த ஊர்க்காரர் என்று தீர்மானித்தால்தானே உயிலை எந்தக் கோர்ட் பார்ப்பது என்று தெரியும்? ஸ்வீடனில் கார்ல்ஸ்கோகா அருகே அவர் வீட்டு லாயத்தில் ரஷ்யக் குதிரைகள் நின்றன. வண்டிக்குதிரை எங்கேயோ அங்கேதான் வீடு என்று வாதம் போனதாகச் சொல்வார்கள். விவகாரம் அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டுக்கே போனது.

சோஃபியிடமிருந்த கடிதங்களை, உயிலை நிறைவேற்ற வந்தவர்கள் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பல்லாண்டு யார் கண்ணிலும் காட்டவில்லை.